பதினொரு கால்சட்டைகள்

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது மெம்பரக்காவிடம் ஏதாவது பேசவேண்டுமென்றால், அவள் வாயில் குண்டூசி இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சீருடை அவள் கையால்தான். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், துணி வெட்டுகிற மேசை, சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் துணி தைக்க வந்தவர்களா, தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட வந்தவர்களா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. நகரசபைத் தேர்தலில் தெருக்காரர்களே அவளைப் பிடித்து நிறுத்தினார்கள், அவர்களே ஜெயிக்கவும் வைத்தார்கள், அதுவரை தையலக்காவாக இருந்தவளை ஒரே நாளில் மெம்பரக்கா ஆக்கினார்கள். சட்டைக் கை இறுக்கமாக இருந்தால் திட்டுவதை மட்டும் அவர்கள் விடவில்லை.

அந்த வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைக் கேட்க வந்து, கேட்காமலே எழுந்து போனார்கள். மேலிடத்திலிருந்து ஊரின் சுகாதாரத்துக்கென்று ஒரு தொகை வந்திருந்தது. ஊர் ஆஸ்பத்திரிக்கு நாலு டயாலிசிஸ் மெஷின் வாங்கலாம், அல்லது குடிதண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற ஆலை கட்டலாம். இரண்டுக்கும் காணாது. மாதம் முடிவதற்குள் எதற்கென்று எழுதிக் கொடுக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஒன்பது மெம்பர்களில் நாலு பேர் மெஷின் பக்கம், நாலு பேர் தண்ணீர் பக்கம். மிச்சம் இருந்தது மெம்பரக்கா ஒருத்திதான். வியாழக்கிழமை கூட்டம்.

அவள் எதற்குக் கை தூக்குவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து பெரிய ஊருக்குப் போகவேண்டும். நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருக்கவேண்டும். மறுபடி இரண்டரை மணி நேரம் திரும்பி வரவேண்டும். வந்தால் அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் மனுஷனாக நடமாடுவார். அதற்குள் மறுபடி பஸ் வந்துவிடும். ஊரிலிருந்து அப்படிப் பதினாலு பேர் அந்த ஒரே பஸ்ஸில் போனார்கள். போன வருஷம் பதினாறு. இரண்டு பேர் பயணம் தாங்காமல் முறை தவறவிட்டார்கள், அதோடு முடிந்தது. இவரும் மழைக்காலத்தில் இரண்டு முறை தவறவிட்டவர்தான். இன்னொரு தடவை விட்டால் இதயம் தாங்காது என்று ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மனுஷர் இருபத்தாறு வருஷம் போர்வெல் போட்டவர். லாரியில் ஏற்றிய ரிக்கோடு ஊர் ஊராகப் போய், பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தவர். அப்படிப்பட்டவருக்கு இப்போது ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. காலையில் ஒரு பாட்டிலில் கோடு வரை ஊற்றி வைத்துவிடுவாள். மாத்திரைக்கு, தொண்டை நனைக்க, எல்லாம் அதற்குள்தான். வெயில் நாளில் அவர் அந்தப் பாட்டிலைப் பார்க்கிற பார்வையை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஏதாவது சாக்குச் சொல்லி முன்னறைக்கு வந்துவிடுவாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு உப்பில்லாத சோறும் வெந்த முட்டையின் வெள்ளையும் வைத்துக்கொண்டிருந்தாள். மளிகைக்கடை மெம்பர் வந்துவிட்டுப் போனதாக அவர் சொன்னார். மளிகைக்கடைக்காரர் தண்ணீர் பக்கத்து ஆள். பழம் வாங்கி வந்திருக்கிறார், கிட்னி நோயாளி கண்ட பழமும் சாப்பிடக்கூடாது என்பது தெரியாமல். அரை மணி நேரம் சுற்றி வளைத்து, உங்களைப் போன்ற பெரிய மனசுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் தங்கச்சி தட்டமாட்டார்கள், ஊர் உங்களைக் காலத்துக்கும் மறக்காது என்கிறவரைக்கும் போயிருக்கிறார்.

"நான் செத்தப்புறம் எனக்குச் சிலை வைப்பார் போல," என்றார் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். "இந்தா பாரு. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. அம்பத்தி நாலு வயசு ஆகுது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்கு. செவ்வாய்க்கிழமை வருதுன்னாலே திங்கக்கிழமை ராத்திரி தூக்கம் போயிடுது. அந்த பஸ்ல ஒரு நாள் உக்காந்தபடியே போயிடுவேன்னு பயமா இருக்கு. நீ மெஷினுக்குக் கை தூக்கு."

"சரிங்க," என்றாள். அவளுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷர் வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. தட்டை அவர் பக்கம் நகர்த்தி, சாப்பிடுங்க என்றாள்.

அண்ணி எதற்குக் கை தூக்குவாள் என்ற சந்தேகமே நாத்தனாருக்கு வந்ததில்லை. புருஷனின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு, முட்டை வியாபாரம். செவ்வாய் முறைக்கு மெம்பரக்கா போவாள், சனிக்கிழமை முறைக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவது நாத்தனார்தான். தையல் வேலை கெடக்கூடாது என்று அவளாகவே ஏற்றுக்கொண்டது. செவ்வாயன்று அண்ணன் போய் வந்து களைத்துப் படுத்திருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் எந்த அறையில் மெஷின் போடப்போகிறார்கள், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை அண்ணியிடம் விசாரித்துக்கொண்டு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு அம்மா, கையில் மடித்த கால்சட்டையோடும் பின்னால் எட்டு வயதுப் பெண்ணோடும் வந்து நின்றாள். இது இரண்டாவது முறை. தைத்த கால்சட்டையின் மடிப்புக் கோடு பாதத்தின் நடுவில் விழாமல் உள்பக்கம் திருகிக்கொண்டு போகிறது, பிள்ளை நடந்தால் முழங்காலில் துணி பிடிக்கிறது என்று போன வாரமே கொண்டுவந்தாள். மெம்பரக்கா மன்னிப்புக் கேட்டு, முழுசும் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தாள். இப்போது மறுபடி அதே கதை. அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை, பாவம். மெம்பர் வேலையும் சேர்ந்தால் கை தடுமாறத்தானே செய்யும் என்று சமாதானமாகத்தான் சொன்னாள். அதுதான் மெம்பரக்காவுக்குச் சுருக்கென்றது.

அந்த வருஷம் இப்படித் திரும்பி வந்தது இது ஒன்று மட்டுமில்லை. முதல் மூன்று வந்தபோதே அவள் டேப்பைச் சந்தேகப்பட்டாள். துணி டேப்பு நாளாக ஆக இழுபட்டு நீண்டுவிடும், அளவு ஓடிவிடும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினாள். அதற்குப் பிறகும் வந்தன. அப்புறம் கத்திரியைச் சாணை பிடித்தாள். கடைசியில், கண்ணுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள். கேட்கிறவர்களிடம் எல்லாம் தப்பு என்மேல்தான் என்று ஒப்புக்கொண்டுமிருந்தாள்.

அன்றைக்குப் பெண்ணைக் கூப்பிட்டு, குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்து நேராக நில் என்றாள். பெண் நின்றாள். சேர்த்து நில்லும்மா என்றாள் மறுபடி. பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றாள். முழங்கால் இரண்டும் முட்டிக்கொண்டன. கீழே கணுக்கால்களுக்கு நடுவில் நாலு விரல் நுழைகிற இடைவெளி அப்படியே இருந்தது. மெம்பரக்கா மண்டியிட்டு உட்கார்ந்து, முழங்காலிலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். எலும்பு வெளிப்பக்கம் போயிருந்தது. "எப்ப இருந்தும்மா இப்படி?" என்று தாயைக் கேட்டாள். தாய்க்குக் கேள்வியே புரியவில்லை. அவள் நடை அப்படித்தான், அவங்க அப்பா மாதிரி என்றாள்.

அவர்களை அனுப்பிவிட்டு அளவு நோட்டை எடுத்தாள். பிள்ளைகளின் பெயர், தெரு, இடுப்பு, நீளம் எல்லாம் வருஷவாரியாக அதில் இருக்கும். பிரித்துத் தைக்க நேர்ந்த உருப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவது அவள் வழக்கம், அடுத்த வருஷம் அதே தப்புச் செய்யாமலிருக்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு குறியும் இல்லை. போன வருஷம் இரண்டு. இந்த வருஷம் பதினொன்று. பதினொன்றும் மேட்டுத் தெரு, தொட்டித் தெரு என்று ஊரின் மேட்டுப் பக்கத்துத் தெருக்கள் மூன்றில் இருந்த பிள்ளைகள். மழை பொய்த்த வருஷங்களில் ஐநூறு அடியில் கிடைக்காமல் எண்ணூறு, ஆயிரம் என்று ஆழம் போன கிணறுகள் இருந்ததும் அந்தத் தெருக்களில்தான். போட்டது யார் என்பதை அவள் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை.

மறுநாள் காலையில் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா புறநோயாளிகளுக்கு நடுவில் அவளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினாள். நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தாள். தண்ணீராக இருக்கலாம், ரொம்ப ஆழத்துப் பாறைத் தண்ணீரில் எலும்பைக் கெடுக்கிற உப்பு கலந்திருப்பதுண்டு என்றாள். சத்துக் குறைவும் சேர்ந்திருக்கலாம், பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கிட்னி போனதும் இதனால்தானா என்றால் அதையும் சொல்ல முடியாது. ரிக் வேலையின் உடம்பு வலிக்கு வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கியவர் அவர். ஆலை வந்தால் வளைந்த கால் நிமிருமா என்று மெம்பரக்கா கேட்டாள். பெரும்பாலும் நிமிராது. இனிமேல் வளரப்போகிற சின்னப் பிள்ளைகளுக்கு வளையாமலிருக்க வாய்ப்பு உண்டு. மெஷின் வந்தால்? பஸ் பயணம் இல்லாவிட்டால் உங்களவர் இன்னும் ஏழெட்டு வருஷம் இருப்பார், அதை என்னால் கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்ல முடியும் என்றாள் டாக்டரம்மா.

ஒரு பக்கம் உறுதியான ஏழெட்டு வருஷம். மறுபக்கம் இன்னும் நடக்கக்கூடக் கற்காத பிள்ளைகளின் கால்கள், அதுவும் 'வாய்ப்பு உண்டு' என்கிற அளவில். மெம்பரக்கா வீட்டுக்கு நடந்து வந்த வழியில், இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் எழுந்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் நோட்டையும் திரும்பி வந்த கால்சட்டைகளையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். ஒளித்து வைத்து வேலை பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒரு கால்சட்டையை எடுத்து, மடிப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"நான் தோண்டின தண்ணிதான் புள்ளைங்க காலை வளைச்சிருச்சுன்னு சொல்ல வர்றியா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"சொல்லித்தான் ஆகணுமா? தண்ணி இல்லாம ஊரே குடத்தோட நின்னப்ப, இன்னும் இறக்கு, இன்னும் இறக்குன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. தண்ணி வந்தப்ப என்னைத் தோள்ல தூக்கினாங்க. எங்க தொழில்ல, புதுத் தண்ணியை மொதல்ல போட்டவன்தான் குடிக்கணும். அப்பத்தான் வீட்டுக்காரனுக்கு நம்பிக்கை வரும். எத்தனை கிணறு போட்டேனோ அத்தனையிலும் மொத சொம்பு நான்தான் குடிச்சேன். தெரிஞ்சா செஞ்சேன்?"

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு யாருங்க சொன்னா? அன்னைக்கு அதுதான் சரி. அது இல்லாட்டி இந்த ஊரே காலியாகியிருக்கும்."

"அப்ப இன்னைக்கு என்ன சரி?"

அவள் நோட்டை மூடி வைத்தாள். அவர் விடவில்லை. ஆலையைப் பற்றி அவருக்குத் தெரியாததா? பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒன்றை ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டிய வடிகட்டியை மாற்றவில்லை, இரண்டாம் வருஷம் பூட்டிவிட்டார்கள், இப்போது அதற்குள் ஆடு கட்டுகிறார்கள். நூறு குடம் ஊற்றினால் ஐம்பது குடம்தான் நல்லதாக வரும், மிச்சம் ஐம்பது கெட்டதைவிடக் கெட்டதாக வெளியே போகும், அதை எங்கே கொண்டு விடுவார்கள்? மெஷின் அப்படியில்லை, படுத்தால் அன்றைக்கே பலன் தெரியும். பதினாலு பேருக்கு, பெயர் சொல்லி. இப்படியெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அத்தனையும் நியாயம்தான். அவளால் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதான்," என்றாள். "வடிகட்டிக்கு வருஷா வருஷம் தண்ணி வரியிலேருந்து பணம் ஒதுக்கணும்னு எழுதி வாங்காம நான் கை தூக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கால்சட்டையை மடித்து, மற்றவற்றின் மேல் வைத்தார்.

"முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கே."

"உங்ககிட்ட சரின்னு சொன்னேன். அதை மீறுறது எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. ஆனா இனிமே அந்தப் புள்ளைங்களை நிக்க வெச்சு அளவு எடுக்கணுமே, நான் என்ன பண்ணுவேன்? நீங்க மட்டும் ஒரு வார்த்தை..."

"அது நடக்காது," என்றார் அவர். குரல் உயரவில்லை. "உன் இஷ்டம்னு மட்டும் நான் சொல்லமாட்டேன். சொன்னா உனக்கு லேசாயிடும். எனக்கு வாழணும்னு இருக்கு, அதை உன்கிட்டதான் கேக்க முடியும். கேட்டாச்சு. நீ மாட்டேன்னா, மாட்டேன்னு நீதான் சுமக்கணும்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் துணிகளை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபின், வேறு வழி தெரியாததால், பதினொன்றில் ஒன்றைப் பிரித்து உள்பக்கத் துணியைக் கூட்டித் தைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை நகரசபைக் கூடத்தில் மின்விசிறி நாலில் இரண்டுதான் ஓடியது. மெஷின் பக்கத்துக்குப் பேசியவர் பெட்ரோல் பங்க் மெம்பர். உறவில் ஒருவரை அந்த பஸ்ஸுக்குப் பறிகொடுத்தவர், பேசும்போது குரல் உடைந்தது. மெம்பரக்கா எழுந்து நோட்டைப் படித்தாள். பெயர்களைப் படிக்கவில்லை, வயதையும் தெருவையும் மட்டும் படித்தாள். எட்டு, மேட்டுத் தெரு. ஆறு, மேட்டுத் தெரு. ஒன்பது, தொட்டித் தெரு. பதினொன்றையும் படித்து முடித்தாள். பிறகு இரண்டு கேட்டாள். வடிகட்டிக்கு ஒதுக்குவதைத் தீர்மானத்திலேயே எழுதவேண்டும். பதினாலு பேரையும் பெரிய ஊருக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர நகரசபை ஒரு வேன் விடவேண்டும். முதலாவதை எழுதினார்கள். இரண்டாவதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார் தலைவர். பேசிக்கொள்ளலாம் என்றால் அந்தக் கூடத்தில் என்ன அர்த்தம் என்பது ஒரு வருஷம் மெம்பராக இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தண்ணீருக்குக் கை தூக்கினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டார், சோறு வைத்தால் சாப்பிட்டார். நாத்தனார் அப்படியில்லை. வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"ஊர்ப் புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கட்டும் அண்ணி. அண்ணன் போயிட்டா அதுங்க வந்து உங்களுக்குத் துணைக்குப் படுக்குமா? சனிக்கிழமை நான் வரலை. இனிமே உங்க முறையை நீங்களே பாத்துக்குங்க."

சனிக்கிழமை கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மெம்பரக்காவே கிளம்பினாள். சீருடைக் காலத்தில் சனிக்கிழமையும் அவள் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை. விடிந்தும் விடியாமலுமாக இருந்தது. பஸ்ஸில் பழைய இடங்களில் பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பதின்மூன்று பேரும். ஒரு வருஷமாக அவளைக் கண்டால் வாங்க மெம்பரே என்று இடம் போட்டுக் கொடுக்கிற பெயிண்டர், பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளிக்கூட ஆயா வேலை பார்த்த அம்மா அவளை நேராகப் பார்த்தாள், அந்தப் பார்வையை விட முகத்தைத் திருப்பியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவர்கள் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் கை தூக்கியிருக்கிறோம் என்பது அவளுக்கு அன்று முழுசாக உறைத்தது. நோட்டில் அந்தப் பதின்மூன்று பேருக்குக் குறி ஏதும் இல்லை.

புருஷனை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் கண்டக்டர் வந்தார். நல்ல மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல். டிக்கெட் கிழிக்காமல் அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க மனசு யாருக்கு வரும்? எனக்கு மெஷின் வேண்டாம், புள்ளைங்க நல்ல தண்ணி குடிக்கட்டும்னு நீங்கதான் அண்ணிகிட்ட எடுத்துச் சொன்னீங்களாமே. ஊரெல்லாம் அதே பேச்சு."

ஊர் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் தெரியும். மளிகைக்கடை மெம்பர் கூட்டம் முடிந்த அன்றே கிளப்பிவிட்டார். புருஷன் சொல்லாமல் ஒரு பெண்பிள்ளை இப்படிச் செய்வாளா என்று பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவளிடமே கேட்டார்கள். அவள் மறுக்கவில்லை. அந்தப் பெருமையாவது அவருக்குக் கிடைக்கட்டும், அதில் கொஞ்சம் கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

புருஷன் கையை விடுவித்துக்கொண்டார். இரண்டு நாளாகப் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டார். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, ரிக் ஓடும் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரலில் சொன்னார்.

"நான் அப்படிச் சொல்லலைப்பா. மெஷினுக்குத்தான் கை தூக்கச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். எனக்கு இன்னும் கோபம் போகலை. தண்ணிக்குப் போட்டது அவ. தானா யோசிச்சு, தானே போட்டா. எம் பேரை அதுல சேக்காதீங்க."

பெயிண்டர் திரும்பி முதலில் அவரையும் பிறகு அவளையும் பார்த்தார். கண்டக்டர் பையைத் துழாவினார். வியாழக்கிழமையிலிருந்து ஊர் முழுக்க ஒன்று அவரைப் புகழ்ந்தது, அல்லது அவளைச் சபித்தது. அவள் செய்தது அவள் செய்ததுதான் என்று இதுவரை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொன்னது, அதற்கு விலை கொடுக்கிற மனுஷர்.

"ரெண்டு டிக்கெட் குடுங்க," என்றாள் கண்டக்டரிடம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அவர் சாய வசதியாகத் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்தாள். அவர் உடனே சாயவில்லை. பெரிய ஊர் வர இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.